அய்யா இறைத்த கடல்

நல்ல உச்சி வெயில். தேவிபட்டினம் கடற்கரையில், ஒரு பழைய தோணிக்குள் தொடையளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு என் அய்யா இறைத்துக்கொண்டிருந்தார். கூடவே எங்கள் ஊர் ஆட்கள். ஒருவன் பனையோலைப் பட்டையில் மொள்ள, அடுத்தவன் அண்டாவில் வாங்க, மேலே நின்றவன் அதைத் தூக்கி வெளியே மணலில் கொட்டினான். கண்மாயிலிருந்து வயலுக்கு இறைக்கும்போது பாடுகிற பாட்டையே அங்கேயும் பாடினார்கள்.

நான் கம்மங்கஞ்சிப் பானையோடு தோணி நிழலில் நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கடலைப் பார்த்தே பழக்கமில்லாத கமுதிக்காரர்கள், கடல்காரர்களுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"காதர் மாமாவுக வந்து பாத்தா மலச்சுப் போவாக, ஆத்தா" என்றார் அய்யா, வியர்வையைத் துடைத்தபடி.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை.

மிளகாய் நெடியில் வந்த சிநேகம்

இந்தத் தொடரில் நான் தேதி போடுவதில்லை என்று ஒரு வாசகர் கோபித்து எழுதியிருக்கிறார். எனக்குத் தேதி தெரிந்தால் போடமாட்டேனா? வெள்ளைக்காரன் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார், நான் அய்யா வீட்டில் இருந்தேன். இதற்குமேல் என்னைக் கேட்டால் எனக்கே குழப்பம்.

அய்யாவின் பெயர் சோலைமலை. கமுதிப் பக்கம் கரிசல் காட்டில் மிளகாய் போடுகிறவர். அவருடைய சிநேகிதர் காதர் மரைக்காயர், தேவிபட்டினத்தில் தோணி வைத்திருந்தவர். காட்டுக்காரருக்கும் கடல்காரருக்கும் எப்படிப் பழக்கம் என்றால், மிளகாயால்தான்.

காதர் மாமா இளவட்டமாக இருந்தபோது இலங்கைக்கு அனுப்ப மிளகாய் வாங்கக் கமுதிச் சந்தைக்கு வருவார். வந்தவருக்கு மிளகாய் நெடி ஆகாது. மூட்டையைப் பிரித்ததும் தும்ம ஆரம்பித்தால் விலை பேசி முடிக்கிறவரை தும்மல்தான். அவர் தும்மிக்கொண்டே பேரம் பேசுவதைப் பார்த்து அய்யா ஒருநாள் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு மிளகாய் அய்யாவிடம்தான், சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

காதர் மாமா எங்கள் வீட்டுக்குக் கருவாடும் சங்கும் கொண்டுவருவார். என் காதில் சங்கை வைத்து, "கடல் சத்தம் கேக்குதா?" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்கிறது என்று சொல்லிவைப்பேன்.

கோழி குடியிருந்த தோணி

பிறகு இலங்கைக்குப் போகவர பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு என்று வந்தது. மிளகாய் அனுப்புவது குறைந்து, நின்றும் போனது. காதர் மாமா தோணியைக் கரையேற்றி ஓலைக் கூரை போட்டு நிறுத்திவிட்டார். அது அப்படியே வருடக்கணக்கில் கிடந்தது. அவர் மனைவி ஆமினா மாமியின் கோழிகள் அதற்குள் குடியேறிவிட்டன. மாமி அதைப் பற்றிப் பேசும்போது தோணி என்று சொல்லமாட்டார். கோழிக்கூடு என்பார்.

காதர் மாமாவின் தம்பி சேகுவுக்கும் தோணியில் பாதிப் பாத்தியதை உண்டு. தேக்கும் வேம்புமாக நல்ல மரம் வீணாகிறது, அறுத்து விற்றுவிடலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துத் தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்தது. அங்கே கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கத் தோணி வேண்டும், உங்கள் தோணி ஓடுமா என்று கேட்டார்கள்.

ஓடும் என்று காதர் மாமா சொல்லிவிட்டார். ஓடாது என்று சேகு சொன்னார். கடைசியில் அண்ணனும் தம்பியும் பள்ளிவாசல் வாசலில் வைத்து ஒரு பேச்சுக்கு வந்தார்கள். பௌர்ணமிக்குக் கடல் கரையேறி வரும். அந்தத் தண்ணீரில் தோணி மிதந்து, தூத்துக்குடி வழியில் இருக்கிற பாம்பனுக்குப் போய்விட்டால் அண்ணன் இஷ்டம். இல்லையென்றால் அறுப்புக்குத் தம்பி இஷ்டம்.

சேகு அதோடு விடவில்லை. மரம் அறுக்கும் ஆட்களை ரம்பத்தோடு கூட்டிவந்து தோணிக்கு எதிரே உடைமர நிழலில் உட்காரவைத்துவிட்டார். அவர்களுக்கும் மூன்று வேளைச் சோறு ஆமினா மாமி வீட்டிலிருந்துதான் போனது. எனக்கு அது புரியவே இல்லை. "தோணிய அறுக்க வந்தவுகளுக்கா சோறு போடுறீக?" என்று மாமியிடம் கேட்டேன்.

"வந்து ஒக்காந்துட்டாக. பசிக்கும்ல, பேச்சி" என்றார். அவ்வளவுதான் பதில்.

தோணியில் பழைய ஆட்கள் பாதிப் பேர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். தள்ளவும் இழுக்கவும் ஆள் பற்றாது. அதனால் காதர் மாமா அய்யாவுக்குச் சொல்லிவிட்டார், ஆளோடு வா என்று. எதற்கு, என்ன வேலை என்றெல்லாம் அய்யா கேட்கவில்லை. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம். அதை அப்படியே விட்டுவிட்டு, ரெண்டு வண்டி பூட்டினார். கடற்கரைச் சாப்பாடு நம்ம ஆட்களுக்குச் சேராது என்று சமைக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்.

தொப்பியோடு வந்தவர்கள்

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். தோணியைக் கடலோரம் அலை நனைக்கிற இடம்வரை உருட்டி இறக்கியிருந்தார்கள். குங்கிலியமும் சுறா எண்ணெயும் காய்ச்சிய வாடை தலையைச் சுற்றியது. தோணி கட்டுகிற ஆசாரிக்கு அங்கே ஓடாவி என்று பெயர். அந்த ஓடாவி பலகை இடுக்கிலெல்லாம் பஞ்சைத் திணித்து அடைத்து முடித்திருந்தார். கோழிகள் வெளியேற்றப்பட்ட ஆத்திரத்தில் மணலில் சுற்றிக்கொண்டிருந்தன.

காதர் மாமா ஓடிவந்து அய்யாவைக் கட்டிக்கொண்டார். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். "மலை, ஜும்மாவுக்கு நேரமாச்சு. தோணியப் பாத்துக்கப்பா, தொழுதுட்டு வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு, ஓடாவி, தோணி ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கரையில் நாங்களும் ரம்பக்காரர்களும் கோழிகளும் மட்டும்.

அய்யா தோணிமேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். தொடையளவுக்குத் தண்ணீர் நின்றது. அவர் முகம் வாடிவிட்டது.

"பாவம் ஆத்தா. தோணி ஓட்டையாப் போயிருக்கு. கடலு உள்ள வந்துருச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு நம்மகிட்டச் சொல்லாமப் போறான்" என்றார். பிறகு வேட்டியை ஏற்றிக் கட்டினார். "ஏலே, எறங்குங்கடா."

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி நானே சொல்லக்கூடாது. கண்மாய் வற்ற வற்ற அடியில் கிடக்கிற தண்ணீரை வயலுக்கு ஏற்றி ஏற்றிப் பழகினவர்கள். இறைப்பு என்று வந்துவிட்டால் அவர்களுக்கு வெயிலும் தெரியாது, பசியும் தெரியாது. தொழுகை முடிவதற்குள் தோணியைக் காலி செய்துவிட்டார்கள். அடியில் ஈரம் நிற்கக்கூடாது என்று அய்யா தன் தலைத்துண்டால் பலகையைத் துடைக்கவும் செய்தார்.

வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. முன்னால் வந்த ஓடாவி மணலில் ஈரத்தைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரு எறச்சது?"

"நாங்கதான்" என்றார் அய்யா. "சொட்டு இல்லாம எறச்சாச்சு. தொடச்சும் விட்டுட்டேன்."

காதர் மாமா அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சேகு மட்டும் சிரித்தார். "ரம்பத்துக்கு எண்ணெ போடுங்கப்பா" என்று உடைமரத்துப் பக்கம் குரல் கொடுத்தார்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த தோணி கெட்டதா, காலியான தோணி கெட்டதா? நல்லது செய்துவிட்டு ஏன் துக்க வீட்டுக்காரர்கள் மாதிரி நிற்கிறோம்? கஞ்சியை ஊற்றுவதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வண்டிச் சக்கரம்

கடைசியில் ஓடாவிதான் வெடித்தார். ஊர்ப் பெண்டுகளும் ஆட்களும் ரெண்டு நாளாகக் குடம் குடமாகக் கடல்தண்ணீரைச் சுமந்து ஊற்றியிருந்தார்களாம். வேண்டுமென்றே ஊற்றியதாம். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் இறைத்துத் துடைத்திருந்தோம்.

"எதுக்கு ஊத்துனீக?" என்று அய்யா கேட்டார். நிசமாகவே கேட்டார். "தோணிக்குள்ள தண்ணி இருந்தா அது எப்புடி மெதக்கும்?"

காதர் மாமா தலையை நிமிர்த்தினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபமே இல்லை அவர் குரலில்.

"மலை, கோடையில ஒன் வண்டிச் சக்கரம் காஞ்சு ஆரக்கால் ஆடுனா என்ன செய்வ?"

"கண்மாயில போடுவேன்."

"எதுக்கு?"

"ஊறுனா எறுகிக்கிரும்ல."

சொல்லிவிட்டு அய்யா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். வருடா வருடம் தன் கையால் சக்கரத்தைக் கழற்றிக் கண்மாயில் போடுகிற மனிதர். தோணியும் மரம்தான் என்பது அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தண்ணீர் தேங்கியிருந்தால் அள்ளு என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

வருடக்கணக்கில் கரையில் காய்ந்த பலகை. உள்ளே தண்ணீர் நின்று ஊறினால்தான் உப்பி இடுக்கு மூடும், வெறும் பஞ்சு நிற்காது. பௌர்ணமிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

அய்யா துண்டைத் தலையில் கட்டினார். "ஏலே, எறச்சது போதும். இனி உள்ள ஊத்துங்கடா."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கடலுக்கும் தோணிக்கும் இடையே வரிசை கட்டி, கடலை மொண்டு தோணியில் ஊற்றினோம். ஊற்ற ஊற்றப் பாதி இடுக்கு வழியாக ஒழுகியது. எங்கள் ஊரில் முகம் கழுவின தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றுவோம். அந்த ஆட்கள் குடம் குடமாக ஊற்றி அது மணலில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆமினா மாமி பகலில் கடற்கரைக்கு வருகிற வழக்கமில்லை. வீட்டிலிருந்த பானை, குடம், தேக்சா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களோடு வந்து தாமும் ஊற்றினார். "கோழிக்கூட்டுக்கு இம்புட்டுத் தண்ணியா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். அவர் அழுகிறாரா என்று பார்த்தேன். துப்பட்டி மறைத்தது.

ரம்பக்காரர்களில் ஒருவரும் எழுந்து வந்து ஒரு குடத்தை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன்.

பௌர்ணமிக் கடல்

பௌர்ணமிக்கு முந்தின நாள் அய்யா நவபாஷாணத்துக்குப் போனார். கடலுக்குள் நிற்கிற ஒன்பது கற்களில் சனீஸ்வரன் எது என்று விசாரித்து, அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முழங்கால் தண்ணீர்தான், ஆனாலும் கல்லை விட்டு அவர் கையை எடுக்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் என்றைக்கு நின்றது?

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் முன் கடல் மேலே வந்துவிட்டது. முந்தின நாள் நாங்கள் சமைத்த அடுப்பு இருந்த இடத்தில் அலை. தோணிக்குள் ஊற வைத்த தண்ணீரை மறுபடி இறைத்தார்கள். இந்தத் தடவை ஓடாவி சொல்லி இறைத்தது. மாமா பாத்திஹா ஓதினார். அய்யா ஒரு சிதறுகாய் போட்டார். எல்லோருமாகக் கயிற்றைப் பிடித்தோம், நானும்தான். தோணி முதலில் அசையவில்லை. பிறகு லேசாகச் சாய்ந்தது. பிறகு, என் கையில் கயிறு தொய்ந்துபோய், அது மிதந்தது.

நான் கத்தியிருக்கலாம். யாரும் கத்தவில்லை. ஏனென்றால் ஓடாவி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வாங்குது" என்றார். "ஊறுனது பத்தாது. போகப் போக ஊறி அடஞ்சுக்கிரும். பாம்பன் போறவரைக்கும் விடாம எறைக்கணும். பாய் புடிக்கிற ஆளுக எறைக்க முடியாது. வேற ஆளு வேணும்."

இல்லையென்றால் கரையேற்ற வேண்டும். கரையேற்றினால் ரம்பம். சேகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதர் மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கேட்கக்கூடாது என்று அவர் நினைத்தது எனக்கே தெரிந்தது.

அய்யா கேட்டார். "எறைக்கத்தானே?"

"மலை, வேணாம். ஒனக்கு நீச்சத் தெரியாது."

"நீந்தவா கூப்புடுற? எறைக்கத்தானே ஆளு கேட்ட?"

எங்கள் ஆட்களில் மூன்று பேர் அய்யாவோடு ஏறினார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கோழிக்கூடு ஒன்றுக்காக என் அய்யா கடலில் போகவேண்டுமா? அம்மாவிடம் நான் என்ன சொல்வது? "அய்யா, எறங்குங்க" என்று தண்ணீருக்குள் இடுப்பளவுக்குப் போய்விட்டேன்.

அவர் தோணியின் விளிம்புக்கு மேலே தலையை நீட்டி, "வண்டி மாட்டுக்கு ராத்திரிக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போடு, ஆத்தா" என்றார். அதோடு தலை உள்ளே போய்விட்டது.

பாய் விரிந்தது. அய்யாவின் முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. தோணியின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பட்டைத் தண்ணீர், கொஞ்ச இடைவெளி, இன்னொரு பட்டைத் தண்ணீர். அது விழுகிறவரைக்கும் அய்யா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணுக்கு எட்டாமல் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் ரம்பக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

"யாரு பாத்தா?"

நாங்கள் வண்டி கட்டி ஊர் வந்து சேர்ந்தபோது அய்யா எங்களுக்கு முன்பே வீட்டில் இருந்தார். பாம்பனில் தோணி பத்திரமாக நின்றதும் இறங்கி, ரயிலேறி, இராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். உள்ளங்கை ரெண்டும் உரிந்து, துணி சுற்றியிருந்தார். முதுகு நிமிரவில்லை. அம்மா என்னோடு பேசவே இல்லை, நான்தான் அவரைக் கடலில் தள்ளிவிட்டது மாதிரி.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கடலு எப்புடி இருந்துச்சு அய்யா?"

"யாரு பாத்தா?" என்றார். "ஏறுனதுல இருந்து எறங்குற மட்டும் குனிஞ்சேல்ல கெடந்தேன்."

பாம்பன் பாலம்? தோணிகளுக்கு வழிவிட அது தூக்கித் திறந்ததா? மீன்? வானம்? எதையும் அவர் பார்க்கவில்லை. காலைச் சுற்றி ஏறுகிற தண்ணீரைத்தான் பார்த்தாராம். மத்தியானத்துக்கு மேல் அது ஏறுவது குறைந்ததாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கடல்.

அந்த மிளகாயைப் பறித்துக் காயப்போட்ட நேரத்தில் காதர் மாமா வந்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாசலில் காய்ந்த மிளகாயைச் சுற்றி வந்து, அப்படியும் தும்மிக்கொண்டே உட்கார்ந்தார். தோணி தூத்துக்குடியில் நன்றாக ஓடுகிறதாம். சேகு இப்போது அதில்தான் கணக்குப் பார்க்கிறாராம். ஆமினா மாமி புதிதாக ஒரு கோழிக்கூடு கட்டச் சொல்லி நச்சரிக்கிறாராம்.

"பலக எல்லாம் எறுகிருச்சு மலை. சொட்டுத் தண்ணி வாங்கல. ஒருதடவ வந்து சும்மா ஒக்காந்து கடலப் பாருப்பா. பட்டையத் தொட விடமாட்டேன்."

அய்யா வாசலுக்கு அப்பால் எங்கள் மிளகாய்க் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர் தேவிபட்டினத்தில் இருந்த நாட்களில் தண்ணீரில்லாமல் பாதிச் செடி கருகிப்போயிருந்தது. அதைப் பற்றி அவர் மாமாவிடம் சொல்லவே இல்லை. எங்களையும் சொல்லவிடவில்லை.

"அன்னைக்கு எறச்ச தண்ணியே இன்னம் கண்ணுக்குள்ள நிக்கிது" என்றார். "அம்புட்டுத் தண்ணி, காதரு. பகல் பூராம் எறச்சேன். ஒத்தச் செடி நனையல."

காதர் மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துத் தும்மி, தும்மிச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அய்யா சிரிக்கவில்லை. யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.